பேர் வெட்டாத குக்கர்

— நாலு கொலையில ஒண்ணைக் குறைக்கச் சொல்றாரு உங்க புரொடியூசர். நான் ஒண்ணைக் கூட்டச் சொல்றேன். நடுவுல நின்னுகினு நீங்க இன்னா பண்ணப் போறீங்க தம்பி?

— சார், இது கத்தரிக்கா வியாபாரம் இல்ல சார். நிஜமா நடந்த கொலை. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

— குறைக்கறதுக்கு ஒத்துக்கிட்டு வந்துட்டீங்களே.

— அது பட்ஜெட் சார். அக்தர் பாய் குரோம்பேட்டையில தோல் வியாபாரம் பண்றவர். இப்பதான் முதல் தடவையா படம் எடுக்கறார். ஸ்கிரிப்ட் முழுக்கக் கேட்டுட்டு, ‘மூணு போதும் ஷெர்வின், நாலாவதுல ஜனங்களுக்குப் பழகிடும்’னுட்டார்.

— பாய் சொல்றதுல நியாயம் கீது. ஒரே சேலையை நாலு தடவை பிரிச்சுக் காட்டினா வந்தவன் எழுந்து போயிடுவான்.

— ஏங்க, இந்த டிபன் பாக்ஸ்ல பேர் வெட்டிக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்கு பஸ் ஏறிடுவேன்.

— இரு மெட்டில்டா. சினிமா எடுக்கற தம்பி வந்திருக்காரு. கேளம்பாக்கத்துக்கு பஸ் இல்லாமயா போயிடும்? தம்பி, இது என் சம்சாரம்.

— வணக்கம் ஆன்ட்டி. ஷெர்வின். நானும் சேலையூர்தான், இதே கேம்ப் ரோட்ல அந்தக் கோடி. உங்க பாத்திரக்கடையில எங்கம்மா வாங்காத சாமானே கிடையாது.

— எல்லாத்துலயும் பேர் வெட்டிக் குடுத்திருப்பாரே. எனக்கு மட்டும்தான் ஒரு வாரமா இழுத்தடிக்கறாரு.

— இனிஷியல் இல்லாம பேர் வெட்டறது இந்தக் கடையில பழக்கம் இல்ல. அது உனக்கும் தெரியும்.

— யாருக்கு ஆன்ட்டி பாக்ஸ்?

— கேளம்பாக்கத்துல ஒரு ஜெபக்கூட்டம் தம்பி, மாசாமாசம் போவேன். அங்க ஒரு பிள்ளைக்கு. ஸ்கூல்ல டப்பா மாறிப் போயிடுதாம். அதை விடுங்க. நீங்க எடுக்கறது அந்த குக்கர் கேசவன் கதைதானே?

— ஆமா ஆன்ட்டி.

— ஊர்ல நல்லவன் ஒருத்தன்கூட கிடைக்கலையாக்கும்.

— நல்லவனை வெச்சு எடுத்தா அக்தர் பாய் கேமராவுக்கு மூடி கூட வாங்கித் தர மாட்டார் ஆன்ட்டி. ஆக்சுவலா நான் எடுக்க நினைக்கறது உண்மையை மட்டும்தான். ஒருத்தன் சைக்கிள்ல வர்றான். ‘ஸ்டவ் ரிப்பேர், குக்கர் ரிப்பேர்’னு கூவறான். சிட்லபாக்கம், சேலையூர், எல்லாத் தெருவுக்கும் அவனைத் தெரியும். வீட்டுல பொம்பளைங்க தனியா இருக்கற நேரத்துல உள்ள போறான். நாலு பேரு ஆன்ட்டி. கடைசியில போலீஸ் அவன் ரூமை உடைச்சா, ஷெல்ஃப்ல வரிசையா குக்கர். கொன்ன வீட்டுல இருந்து தூக்கிட்டு வந்தது. தூக்கிட்டு வந்த நாலுலயும் பேர் வெட்டியிருந்துச்சு. அந்தப் பேரை வெச்சுதான் எந்தெந்த வீடுன்னே கண்டுபிடிச்சாங்க.

— அதுல ரெண்டு, நான் வெட்டின பேரு. போலீஸ்காரர் கொண்டாந்து கல்லா மேல வெச்சு, ‘இது உங்க எழுத்தா’ன்னாரு. ‘ல’வை நான் கொஞ்சம் சாய்ச்சுப் போடுவேன். கோர்ட்ல ஏறி அதைச் சாட்சி சொன்னேன்.

— அதனாலதான் சார் உங்ககிட்ட வந்தேன். கேசவன் குக்கர் மூடிக்குப் போடற கேஸ்கட் வாங்கினது இந்தக் கடையில. இந்த ஷட்டர், இந்த கல்லா, மேல தொங்கற கரண்டிக் கொத்து எல்லாம் அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. எனக்கு இந்தக் கடை வேணும் சார். வேற எங்க போனாலும் கதவைச் சாத்தறாங்க. சிட்லபாக்கத்துல ஏரிப்பக்கம் ஒரு வீடு கேட்டேன். ‘கொலை நடந்த வீடுன்னு சினிமாவுல காட்டிட்டா அப்புறம் எவன் குடி வருவான்’னு ஒரு ரிட்டயர்ட் ஆபீசர் நாயை அவுத்து விட்டுட்டார்.

— நாய்க்கு வியாபாரம் தெரியாது. எனக்குத் தெரியும். கடை தரேன், வாடகையே வேணாம். உங்களுக்கும் எனக்கும் கட்டுப்படியாவற மாதிரி ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்.

— அஞ்சாவது கொலை.

— அஞ்சாவது. என் பெரிய பொண்ணு, சாராள்.

— அந்த வருஷம் அவங்க காணாமப் போனது தெரியும் சார். மேல மாட்டியிருக்கற போட்டோ அவங்கதானே?

— அவதான். பக்கத்துல சிகப்பு பல்பு கூட போட்டிருக்கேன்.

— அந்த பல்பை நான் எரிய விடறதே இல்ல.

— கரண்ட் மிச்சம்.

— ஆனா கோர்ட் நாலோட நிறுத்திடுச்சு சார்.

— கோர்ட் நிறுத்தும். இந்த ரோடு நிறுத்துமா? பொண்ணைக் காணோம்னு நாங்க அலையறப்ப, யாரோடயோ ஓடிட்டான்னு ஊரே பேசிச்சு. எண்ணெய்க் கடைக்காரன் பேசினான், மெடிக்கல் ஷாப்காரன் பேசினான். என்கிட்ட கடன் வெச்சவன் கூட தைரியமா பேசினான். கேசவனைப் பிடிச்ச மறுநாள் அத்தனை பேரும் இதே வாசல்ல வந்து நின்னு, ‘அண்ணே, தப்பாப் பேசிட்டோம்’னு கையைப் பிடிச்சுகினு அழுதாங்க. சபையில பாஸ்டர் அவ பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாரு. அப்புறம் தீர்ப்பு வந்துச்சு. நாலுன்னுட்டாங்க. மறுபடியும் எண்ணெய்க் கடைக்காரன் ஆரம்பிச்சுட்டான்.

— கஷ்டமாத்தான் இருக்கு சார். ஆனா நான் கேஸ் கட்டு முழுக்கப் படிச்சுட்டேன். உங்க பொண்ணைப் பத்தியும் கேசவன்கிட்ட கேட்டிருக்காங்க. நாலு கொலையையும் அவன் தானாவே ஒத்துக்கிட்டான், டீ குடிச்சுகிட்டே. சாராள் பேரைச் சொன்னதும் மட்டும் கோவம் வந்துடுச்சு. ‘செய்யாததை என் தலையில கட்டாதீங்க சார், நான் அந்த மாதிரி ஆள் இல்ல’ன்னிருக்கான்.

— பார்த்தீங்களா? என் கடையில வருஷக்கணக்கா கேஸ்கட் வாங்கினான். ஒரு நாள் பேரம் பேசினதில்ல, சொன்ன விலையைக் குடுத்துட்டுப் போவான். அங்க போய்ப் பேரம் பேசியிருக்கான்.

— பேரமே பேச மாட்டானா? சார், இருங்க இருங்க, இது எனக்கு வேணும். அவன் எப்படி இருப்பான், எப்படி நடப்பான்னு கேட்டு ஹீரோ என் உயிரை எடுக்கறார்.

— எப்படியும் இருக்க மாட்டான். அதான் அவன்.

— கண்ணு? சிரிப்பு? ஏதாவது ஒரு மேனரிசம்?

— அப்படின்னா?

— பழக்கம் சார். காதைத் தடவறது, விரலைச் சொடுக்கறது, அந்த மாதிரி.

— கேஸ்கட்டை வாங்கினதும் மூக்குகிட்ட வெச்சு மோந்து பார்ப்பான்.

— சூப்பர் சார்! கண்ணை மூடிக்குவானா? எதுக்கு மோந்து பார்ப்பான்?

— ரப்பர் புதுசா, பழைய ஸ்டாக்கான்னு பார்க்கறதுக்கு. நானும்தான் மோந்து பார்ப்பேன்.

— ஓ.

— முப்பது வருஷ வியாபாரத்துல பேரம் பேசாத ஆளுங்க ரெண்டே தினுசு. ஒண்ணு, புது மாப்பிள்ளை, பக்கத்துல பொண்டாட்டி நிப்பா. இன்னொண்ணு, அவன். அப்பவே எனக்கு ஒரு டவுட்டு.

— டவுட்டு வந்தா எதுக்குங்க வித்தீங்க?

— டவுட்டு வந்தவனுக்கெல்லாம் விக்கலன்னா கடையை எதுக்குத் தொறக்கறது மெட்டில்டா?

— எங்க வீட்டுக்கும் வந்தான் தம்பி. பர்னர் மாத்தினான். காபி குடுத்தேன். ‘வேலையை முடிச்சுட்டுக் குடிக்கறேம்மா’ன்னு சொல்லி, முடிச்சுட்டுத்தான் குடிச்சான். டம்ளரை அவனே கழுவிக் கவுத்து வெச்சான். அந்த வீட்டுல வேற எந்த ஆம்பளையும் இன்னிவரைக்கும் டம்ளரைக் கழுவினதில்ல.

— இதை எடுத்தா யாரும் நம்ப மாட்டாங்க ஆன்ட்டி. அதான் என் பிரச்சினையே. பயங்கரமா காட்டினா அது பொய். உள்ளபடி காட்டினா ஜனங்க தூங்கிடுவாங்கன்னு டிஸ்ட்ரிபியூட்டர் சொல்றார். ஹீரோவுக்கோ காரணம் வேணுமாம். சின்ன வயசுல சித்தி குக்கராலயே அடிச்சாங்கன்னு ஒரு ஃப்ளாஷ்பேக் வைங்கங்கறார். அதுல ஒரு அம்மா பாட்டு வேற.

— சித்தி அடிச்சவன்லாம் கொலை பண்றதா இருந்தா தாம்பரத்துல டிக்கெட் குடுக்கக் கூட ஆள் மிஞ்சியிருக்க மாட்டான்.

— நிஜத்துல இன்னா காரணமாம் தம்பி?

— போலீஸும் அதைத்தான் கேட்டாங்க ஆன்ட்டி. ‘கதவு திறந்திருந்துச்சு சார்’னான். அவ்வளவுதான். அதுக்கு மேல ஜெயில்ல மஞ்சக் காமாலையில சாகற வரைக்கும் ஒண்ணும் சொல்லல.

— ஸ்தோத்திரம். ஏங்க, இன்னிக்குப் போய் அந்தப் பின்பக்கத் தாழ்ப்பாளை மாத்துங்க.

— மாத்தலாம். தம்பி, காரணமே இல்லாத சரக்கை விக்கறது கஷ்டம்தான். ஆனா உங்ககிட்ட குறை அது மட்டும் இல்ல. எந்தக் கொலையைக் குறைக்கச் சொன்னாரு பாய்?

— அருள்மேரி டீச்சர்.

— டீச்சரையா?

— அவங்களுக்கு அம்பது வயசு ஆன்ட்டி. மத்த மூணு பேரும் சின்ன வயசு. ‘வயசானவங்க செத்தா தியேட்டர்ல உச்சு கொட்டிட்டு பாப்கார்ன் வாங்கப் போயிடுவான்’னு அக்தர் பாய் சொல்றார்.

— அவங்க வீட்டுக்காரர் சத்தியநாதன் சார்கிட்ட கேட்டீங்களா?

— போனேன் ஆன்ட்டி. உட்கார வெச்சு தண்ணி குடுத்தார். அப்புறம் ஒண்ணு சொன்னார். ‘முப்பது வருஷம் டீச்சரா இருந்தா. ஊர்ல பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தவ அவ. இப்ப எல்லாரும், கேசவன் கொன்னானே அந்த டீச்சர்னுதான் சொல்றாங்க. என் பொண்டாட்டிக்கு அவன் பேரு இனிஷியலா ஆயிடுச்சு. உன் படம் அதை மாத்துமா?’ன்னார்.

— நீங்க இன்னா சொன்னீங்க?

— தண்ணி குடிச்சுட்டு வந்துட்டேன்.

— டீச்சர்தான் சாராளுக்கும் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தாங்க. இங்க பாருங்க தம்பி. இவர் கேக்கறதை நான் தடுக்கல. ஆனா செத்துப்போன டீச்சரை வெளிய தள்ளிட்டு என் பொண்ணை உள்ள விட்டீங்கன்னா, முதல் நாள் முதல் ஷோவுக்கு வந்து நான் திரையைக் கிழிப்பேன்.

— மெட்டில்டா சொன்னா செய்வா. எங்க கல்யாணத்துக்குப் போட்ட பந்தலையே கிழிச்சவ.

— அது சேலை மாட்டிக்கிச்சுங்க.

— சார், டீச்சரை வெளிய தள்ள எனக்கும் மனசே இல்ல. ஆனா பாய்கிட்ட இன்னான்னு சொல்றது?

— கடை சும்மா கிடைச்சுதுன்னு சொல்லுங்க. ஷெல்ஃப்ல வெக்கற பழைய மாடல் குக்கர் எல்லாம் நானே தரேன், அதுவும் சும்மா. அதுல மிச்சமாவறதை வெச்சு டீச்சரைத் திரும்ப உள்ள கொண்டாங்க. ஒரு கொலைக்கு ஒரு கடை. பாயும் வியாபாரி, அவருக்குக் கட்டுப்படியாவும்.

— அப்ப நாலு. அதோட முடிச்சுக்கலாமே சார்.

— நாலு பாயோட விலை. இப்ப என் விலைக்கு வாங்க.

— சார், ப்ளீஸ். நான் படத்தோட ஆரம்பத்துல ‘உண்மைச் சம்பவம்’னு போடப் போறேன்.

— வெறும் ‘உண்மைச் சம்பவம்’னா போடுவீங்க? ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ன்னு போடுவீங்க. அந்தத் தழுவல்ல என் பொண்ணையும் ஒரு ஓரமா சேர்த்துக்குங்க.

— உங்களுக்கு எதுக்கு சார் இவ்வளவு பிடிவாதம்? ஊர் பேசறது இன்னிக்கு நேத்தா?

— என் சின்னவ ஜெரூஷாவுக்குப் பல்லாவரத்துல ஒரு இடம் வந்திருக்கு. நல்ல பையன், அவளுக்கும் பிடிச்சிருக்கு. பையனோட அப்பா ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். தட்டு மாத்தற வரைக்கும் வந்துட்டு, தொண்டையைச் செருமிகினு கேக்கறாரு, ‘மூத்த பொண்ணு விஷயம் நிச்சயமா அப்படித்தானே?’ன்னு. நான் ஆமான்னேன். ‘கேசவன் கதையைப் படமா எடுக்கறாங்களாமே. வரட்டும். பார்த்துட்டுச் சொல்றோம்’னுட்டாரு.

— கோர்ட் தீர்ப்பை விட்டுட்டு என் படத்தையா நம்பப் போறார்?

— தீர்ப்பை எவன் தம்பி குடும்பத்தோட போய்ப் பார்க்கறான்?

— சினிமாக்காரனா பொறந்து முதல் தடவையா எனக்குப் பயமா இருக்கு சார்.

— பயப்படாதீங்க. கொலையை எல்லாம் நீங்க காட்ட வேணாம்.

— ஆமா தம்பி, அவளைக் கொல்ற மாதிரி மட்டும் எடுத்துடாதீங்க. அவளுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும். ஊசி போடப் போனாலும் நான்தான் கையைப் பிடிச்சுக்கணும்.

— ஆன்ட்டிக்கு இன்னும் அவங்க இருக்கற மாதிரியே...

— பெத்த மனசு தம்பி. அதை விடுங்க. அந்த ஷெல்ஃப்ல எத்தனை குக்கர் இருந்துச்சு?

— அஞ்சு.

— பேர் வெட்டினது?

— நாலு. மிச்சம் ஒண்ணு அவன் சோறாக்கறதுக்கு வெச்சிருந்த குக்கர் சார். அவனே சொல்லிட்டான்.

— கொலைகாரன் சொன்னா நம்பறீங்க, பாத்திரக்கடைக்காரன் சொன்னா நம்ப மாட்டேங்கறீங்க. இந்த ஊர்ல பேர் வெட்டாத குக்கர்னு ஒண்ணு உண்டா? கரண்டி கூட பேர் இல்லாம என் படியைத் தாண்டாது. கல்யாணத்துக்கு வெக்கறது, வீடு பால் காய்ச்சறதுக்கு வெக்கறது, பக்கத்து வீட்டுக்கு குழம்பு குடுத்து அனுப்பறது, எல்லாத்துலயும் பேர் இருக்கும். இல்லன்னா சாமான் திரும்பி வராது.

— தனியாளு சார் அவன். யாருக்குக் குழம்பு குடுத்து அனுப்பப் போறான்?

— அது உங்க பக்கத்து நியாயம். என் பக்கத்து நியாயம், அந்த மொட்டை குக்கர்ல நான் பேர் வெட்டித் தருவேன். கேமரா அந்த ஷெல்ஃப் மேல மெதுவாப் போவும். முதல் பேரு, ரெண்டாவது பேரு, டீச்சர் பேரு, நாலாவது பேரு. கடைசியில சாராள். வசனம் வேணாம், ரத்தம் வேணாம், அழுகை வேணாம். பேரு மட்டும். பல்லாவரத்து ஹெட்மாஸ்டர் படிச்சுக்குவாரு.

— ஷாட் நல்லாத்தான் இருக்கு.

— நல்லா இருக்கும்னு எனக்கும் தெரியும்.

— சரி. ஒரு செகண்ட் காட்டறேன்.

— ஒரு செகண்டா? கண்ணைத் தொடைக்கறதுக்குள்ள போயிடுமே. அஞ்சு செகண்ட்.

— அஞ்சு செகண்ட் ஒரு குக்கரையே காட்டினா ப்ரொஜெக்டர் நின்னுடுச்சுன்னு நாற்காலியைத் தட்டுவாங்க சார். ரெண்டு.

— ஹெட்மாஸ்டர் நிதானமாப் படிக்கறவரு. ஒத்தெழுத்து விடாம. நாலு.

— மூணு சார். இதுக்கு மேல முடியாது. மூணுன்னா எடிட்டர் என்னைத் திட்டுவான், நான் வாங்கிக்கறேன்.

— மூணு. இனிஷியலோட.

— இனிஷியல் வேணாம் சார்! சாராள்னா யாரோ ஒரு சாராள். இனிஷியல் போட்டா அது நேரா உங்க பொண்ணுன்னு ஆயிடும்.

— அதுக்குத்தானே இவ்வளவு நேரம் பேசறது? தாம்பரத்துல இருந்து வேளச்சேரி வரைக்கும் ஆயிரம் சாராள் கீறாங்க. ‘தே’ன்னு முன்னாடி போட்டாத்தான் அது தேவானந்தம் பொண்ணு. இனிஷியல் இல்லாம நான் மெஷினையே கையில எடுக்க மாட்டேன்.

— கரண்டிக்குக் கூட அரை நாள் பேரம் பேசுவாரு தம்பி. பெத்த பொண்ணுகிட்ட மட்டும் பேசல. வந்து நின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டா. ஒத்த வார்த்தையில முடியாதுன்னுட்டாரு. கறார் விலை.

— இன்னா கேட்டாங்க ஆன்ட்டி?

— மெட்டில்டா, தம்பிக்குப் பக்கத்துக் கடையில ஒரு காபி சொல்லு.

— சொல்லிட்டேன். வந்து ஆறிப் போயே ரொம்ப நேரமாச்சு.

— சார், இனிஷியலோடயே வெட்டுங்க. மூணு செகண்ட். டீச்சரும் இருப்பாங்க. நான் பாய்கிட்ட பேசிக்கறேன்.

— அப்படி வாங்க. அந்த மேல் தட்டுல இருக்கற பழைய மாடலை எடுத்துக் குடு மெட்டில்டா. அது இல்ல, அதுக்குப் பின்னாடி. தம்பி, காதைப் பொத்திக்குங்க, மெஷின் சத்தம் போடும்.

— சார், எழுத்து புதுசா பளிச்சுனு தெரியுதே. பத்து வருஷப் பழசா காட்டணும்.

— சாம்பல் போட்டு நாலு தேய் தேய்ங்க, அப்புறம் கொஞ்சம் எண்ணெய். உங்க ஆளுங்களுக்குத் தெரியாதா? ஹீரோ முடியை நரைக்க வைக்கறாங்களே, அதே வேலைதான். இந்தாங்க. ‘ல’ எப்படி வந்திருக்கு?

— இதுல ‘ல’வே இல்லையே சார். சாராள்ல ‘ள’தானே?

— அதுவும் கொஞ்சம் சாய்ஞ்சுதான் வரும். என் கை அப்படி. பார்த்தா யாருக்கும் அடையாளம் தெரியும்.

— உண்மையைச் சொல்லணுமா சார்? நான் இதுவரைக்கும் எடுத்த ரிசர்ச்லயே இந்த குக்கர்தான் ரொம்ப உண்மையா இருக்கு.

— இருக்கும். நல்ல கனம். அப்புறம் தம்பி, சின்னதா ஒண்ணு.

— இன்னும் ஒண்ணா?

— கொசுறு. காய்கறிக்காரன்கிட்ட கருவேப்பிலை கேக்க மாட்டமா? கேசவன் தப்பிச்சு ஓடறதை எங்க எடுக்கறீங்க?

— கேளம்பாக்கத்துல சார். அந்த உப்பளத்துல, சாயங்கால வெளிச்சத்துல. ஆர்ட் டைரக்டர் பார்த்து வெச்சுட்டார். அப்படியே அந்தக் கடைத்தெருவுல ரெண்டு சீன்.

— அது மட்டும் வேணாம்.

— சார், அது அற்புதமான லொகேஷன்!

— தம்பி, அங்க வேணாம். நான் மாசாமாசம் ஜெபத்துக்குப் போற இடம். நிம்மதியாப் போய் நிம்மதியா வர்ற இடம் எனக்கு அது ஒண்ணுதான். கேமராவும் கூட்டமுமா அந்தக் கடைத்தெருவுல நின்னு, போறவங்க வர்றவங்க மூஞ்சி எல்லாம் படத்துல விழுந்து... வேணாம். கையெடுத்துக் கும்பிடறேன்.

— ஐயோ, ஆன்ட்டி, அழாதீங்க. சரி. வேற இடம் பார்த்துக்கறேன். சார், உங்ககிட்ட கூட நான் மூணு செகண்ட்ல நின்னேன். ஆன்ட்டிகிட்ட ஒரு செகண்ட் கூட நிக்க முடியல.

— அவ பேரம் பேச மாட்டா. அதான்.

— வரேன் சார். வரேன் ஆன்ட்டி. படம் முடிஞ்சதும் உங்களுக்குத்தான் முதல்ல காட்டுவேன். சாராளுக்காகவாவது நான் இதை உண்மையா எடுப்பேன்.

— வாங்க தம்பி. பார்த்துப் போங்க, ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கான்.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. பைக் டேங்க் மேல குக்கரை வெச்சு, ஒரு கையால அணைச்சுகினு போறாரு. இன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுகினு கீற? டீச்சர் படத்துல வந்துட்டாங்க, ஜெரூஷா கல்யாணம் நடக்கும், அந்தத் தம்பிக்குக் கடை கிடைச்சாச்சு. எல்லாருக்கும் கட்டுப்படியாச்சு.

— சத்தியநாதன் சாரை நினைச்சுப் பார்த்தேன். அவருக்கு எது கட்டுப்படியாச்சு? விடுங்க. மெஷினை ஆஃப் பண்ணாதீங்க. பாக்ஸ்ல பேரை வெட்டிக் குடுங்க, நான் கிளம்பறேன்.

— குடு இப்படி. வெறும் ‘ஜைத்’னா மொட்டையா இருக்கும், பேரனுக்கு இனிஷியல் மசூதிக்குப் போற அவங்கப்பன் பேர்லயா என் பேர்லயான்னு சாராளுக்கே ஒரு போன் போட்டுக் கேளு.